பிஸ்கட் டப்பா மூடியில் ‘ஹே வெய்ன்’ அச்சிடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயாமார்களே, அம்மாமார்களே,

உங்களில் யாரையும் எனக்குத் தெரியாது. ஆங்கிலேய ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் வரைந்த ‘தி ஹே வெய்ன்’ (காய்ந்த புல் வண்டி) ஓவியத்தைப் பிஸ்கட் டப்பா மூடியிலும், தேநீர்க் கோப்பையிலும், சாப்பாட்டு மேசை விரிப்பிலும், ஆயிரம் துண்டுப் புதிர்ப் படத்திலும் அச்சடித்து விற்கிறீர்கள் என்பது மட்டும் தெரியும். நீங்கள் ஒரே கம்பெனி அல்ல. வரைந்தவர் 1837-இலேயே போய்ச் சேர்ந்துவிட்டதால் அவர் பேரைச் சொல்லி உங்களைத் தடுக்கவும் ஆளில்லை. எனவே உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இந்த மடல். கேட்கப்போவது ஒரே ஒரு விஷயம். ஆனால் அதற்கு வந்து சேரக் கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது பெட்டியில் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. லண்டனிலிருந்து வருகிற பெண் வெறுங்கையோடு வந்தாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே. ஈஸ்ட் ஹாமில் ஒரு கடையில் உங்கள் டப்பா ஒன்று கண்ணில் பட்டது. கையகலச் சதுர மூடி. அதில் வீடு, மரம், ஓடை, நடுத் தண்ணீரில் ஒரு வண்டி. அப்பாவுக்கு இந்தப் படம் பிடிக்கும் என்பதால் வாங்கினேன். உள்ளே இருந்த பிஸ்கட்டைப் பற்றி எனக்குப் புகார் எதுவும் இல்லை.

எங்கள் ஊர் திருவையாற்றுப் பக்கம். அப்பா திண்ணையில் உட்கார்ந்து டப்பாவை வாங்கினார், கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார், மூடியைக் கிட்டே வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார்.

“ஏம்மா, இது நாம அன்னிக்குப் பாத்த வண்டிதானே?”

“ஆமாம்ப்பா.”

“அந்தாண்ட புல்லு அறுத்துக்கிட்டு நின்ன ஆளுவளக் காணுமே?”

நான் வாங்கிப் பார்த்தேன். காணோம்தான். டப்பாவைத் திருப்பிப் பக்கச் சுவர்களையும் பார்த்தேன். நாலு பக்கமும் பச்சைக் கொடியும் ரோஜாப் பூவும்தான் போட்டிருந்தது.

அசல் ஓவியம் 130.2 செ.மீ. உயரம், 185.4 செ.மீ. அகலம். அதைச் சதுரமாக்க வேண்டுமென்றால் அகலத்தில் 55 செ.மீ. போக வேண்டும். படத்தில் கிட்டத்தட்ட பத்தில் மூன்று பங்கு. இடது ஓரத்தில் இருப்பது வில்லி லாட் என்பவரின் வீடு, அதை விட முடியாது. நடுவில் வண்டி, அதுதானே படத்தின் பெயரே. மிச்சமிருப்பது வலது பக்கம். அங்கே பெரிதாக எதுவும் இல்லை, பச்சையாக ஒரு வெட்டவெளி, அவ்வளவுதான் என்று நினைத்து யாரோ ஒருவர் கம்ப்யூட்டரில் கட்டத்தை இழுத்து வெட்டியிருப்பார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. நானும் அந்தப் படத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், அப்பாவோடு பார்க்கிற வரைக்கும் அந்த ஆட்களைக் கவனித்ததில்லை.

அப்பா லண்டனுக்கு வந்தது ஒரே தடவை. அன்றைக்கு மழை. டிரஃபால்கர் சதுக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம், ஒதுங்க இடம் வேண்டும், எதிரே நேஷனல் கேலரி, உள்ளே போகக் காசு கிடையாது. கலை ஆர்வமெல்லாம் இல்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இத்தாலிய அறைகளை அப்பா கடகடவென்று கடந்துவிட்டார். “எல்லாம் சாமி படமா இருக்கு” என்றார். குறையாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னார். அப்புறம் ஆங்கிலேய ஓவியர்கள் இருக்கும் பக்கம் வந்தபோது ஒரு படத்தின் முன்னால் நின்றுவிட்டார். பையில் கையை விட்டுக்கொண்டு, வாய்க்கால் தலைப்பில் நின்று தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பாரே, அதே மாதிரி.

“வண்டிய எதுக்குத் தண்ணியில எறக்கி வச்சிருக்கான்? பட்டா கழண்டுக்கிச்சா?”

எனக்குப் புரியவில்லை. அவர்தான் விளக்கினார். மாட்டு வண்டிச் சக்கரத்தில் நடுவில் குடம், குடத்திலிருந்து கிளம்பும் ஆரக்கால்கள், அவற்றை வளைத்துப் பிடித்திருக்கும் வட்டை, வட்டைக்கு மேலே இரும்புப் பட்டா. பட்டாவை வரட்டி மூட்டத்தில் செக்கச் செவேலென்று காய்ச்சி, சக்கரத்தில் மாட்டித் தண்ணீரை ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கி மரத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஆனால் கோடை வந்தால் மரம் காய்ந்து ஒடுங்கும், பட்டா லொடலொட என்று ஆடும். ஆசாரியிடம் போனால் செலவு. தாத்தா காலத்தில் வண்டியை அப்படியே வாய்க்காலில் இறக்கி ஒரு பொழுது நிறுத்திவிடுவார்களாம். மரம் தண்ணீர் குடித்து ஊதினால் பட்டா தானாக இறுகிவிடும்.

இதே விளக்கத்தை இங்கிலாந்திலும் சொல்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மரச் சக்கரமும் இரும்புப் பட்டையும் உள்ள ஊரில் எல்லாம் மரம் ஒரே மாதிரிதானே ஒடுங்கும். குதிரைகள் தண்ணீர் குடிக்க நிறுத்தினார்கள் என்று சொல்கிறவர்களும் உண்டு. ஆனால் ஓவியத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சொல்வது இன்னொன்று. அந்த வண்டி காலி வண்டி. ஆற்றில் ஆழம் குறைந்த இடமாகப் பார்த்து இறங்கி, அக்கரைப் புல்வெளிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அங்கே அறுத்துக் காயப்போட்ட புல்லை ஏற்றிவரப் போகிறது.

அப்பாவிடம் இதைச் சொன்னபோது இரண்டையும் சேர்த்து ஒரு தீர்ப்பு சொன்னார். “போற வழியில செத்த நேரம் ஊறவச்சிட்டுப் போறான். நடு மத்தியானம் வேற.” அது நடு மத்தியானம் என்பது அவருக்கு எப்படித் தெரிந்தது? 1821-இல் ராயல் அகாடமி கண்காட்சியில் கான்ஸ்டபிள் இந்தப் படத்தை வைத்தபோது கொடுத்த பெயரே ‘நிலக்காட்சி: நண்பகல்’ என்பதுதான். ‘ஹே வெய்ன்’ என்பது அவருடைய நண்பர் ஜான் ஃபிஷர் செல்லமாகக் கூப்பிட்ட பெயர், அது ஒட்டிக்கொண்டது.

இங்கே நம் தமிழ் எழுத்தாளர்களுக்கும் ஒரு வார்த்தை. இதை ‘வைக்கோல் வண்டி’ என்று மொழிபெயர்க்கிறவர்களைப் பார்க்கிறேன். வைக்கோல் என்பது கதிரடித்த பிறகு மிஞ்சும் தாள். இது அதுவல்ல. கதிர் என்ற பேச்சே இல்லாத பச்சைப் புல்லை, பூத்து முற்றும் பருவத்தில், ஜூன் ஜூலையில் அறுத்து, வெயிலில் புரட்டிப் புரட்டிக் காயவைத்து, குளிர்காலம் முழுவதும் குதிரைக்கும் மாட்டுக்கும் போடுவது. நமக்கு வருஷம் முழுக்கப் புல் முளைப்பதால் இப்படி ஒரு வேலை தேவைப்படவில்லை, அதனால் சரியான ஒற்றைச் சொல்லும் நம்மிடம் இல்லை. காய்ந்த புல் வண்டி என்றால் போதும். அழகாக இல்லைதான், ஆனால் தப்பாக இல்லை.

அந்தக் காலத்துக்கு அது பெட்ரோல் மாதிரி. லண்டனில் ஓடிய வண்டிகளெல்லாம் குதிரை வண்டிகள். அவை தின்றது இந்தப் புல்லைத்தான். நேஷனல் கேலரியிலிருந்து பொடிநடையாகப் போகிற தூரத்தில் ஹேமார்க்கெட் என்று ஒரு தெரு இருக்கிறது. இன்றைக்கு நாடகக் கொட்டகைகள் இருக்கும் தெரு. பெயரில் இருப்பது சும்மா அலங்காரமில்லை, உண்மையிலேயே அங்கே புல் சந்தை கூடியது. 1830-இல்தான் வேறிடத்துக்கு மாற்றினார்கள். அதாவது கான்ஸ்டபிள் இந்தப் படத்தை வரைந்தபோது அந்தத் தெருவில் புல் வண்டிகள் வரிசையாக நின்றிருக்கும்.

சரி, வலது பக்கத்துக்கு வருவோம்.

அப்பா படத்துக்குக் கிட்டே போனார், காவலர் ஒருவர் பார்த்ததும் ஓரடி பின்னால் வந்தார். “அங்க ஆள் வேலை செய்யுது பாரு” என்று விரலை நீட்டினார். நானும் குனிந்து பார்த்தேன். அக்கரையில், வெயில் விழுகிற புல்வெளிக்குள், மரங்களுக்கு முன்னால், வெள்ளைச் சட்டைகள். ஒவ்வொன்றும் ஒரு தூரிகைத் தொடுதல்தான். ஒருவர் அரிவாளைத் தீட்டுகிறார். மற்றவர்கள் ஏற்கெனவே பாதி நிறைந்த இன்னொரு வண்டியில் புல்லைத் தூக்கிப் போடுகிறார்கள். அரிவாள் என்றால் நம் கைக்கருக்கரிவாள் இல்லை, ஆள் உயரக் காம்பில் நீண்ட வளைந்த அலகு. “நின்னுக்கிட்டே அறுக்கலாம் போலருக்கே” என்று அப்பா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்து குனிந்து முதுகு போனவர்களைப் பார்த்து வளர்ந்தவர், அவருக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது.

இப்போது உங்கள் மூடியை எடுத்துப் பாருங்கள். வண்டி யாரிடம் போய்க்கொண்டிருக்கிறதோ அவர்களே இல்லை. குதிரைகள் திரும்பி நிற்கும் திசையில் தகரத்தின் விளிம்புதான் இருக்கிறது. வேலைக்குப் போகிற வண்டி, வேலையிடத்தை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? சும்மா தண்ணீரில் நிற்கிற வண்டி ஆகிவிடும். ‘கிராமத்து அமைதி’ என்று பின்புறத்தில் எழுதியிருக்கிறீர்களே, அந்த அமைதி இப்படித்தான் வந்தது.

வலப்பக்கம் புதருக்குள் படகுக்குப் பக்கத்தில் ஒரு மீன் பிடிக்கிறவரும் இருந்தார். அவரும் போய்விட்டார். இடது பக்கம் வீட்டை ஒட்டிய துறையில் தண்ணீரை நோக்கிக் குனிந்திருக்கும் பெண் மட்டும் தப்பித்தாள், வீட்டோடு சேர்ந்திருந்ததால்.

அந்த வண்டி எப்படிப் படத்துக்குள் வந்தது என்று தெரிந்தால் நீங்களும் கத்தரியை எடுக்க யோசிப்பீர்கள். கான்ஸ்டபிள் இதை ஆற்றங்கரையில் உட்கார்ந்து வரையவில்லை. ஏற்கெனவே ஊரில் வரைந்து வைத்திருந்த சிறு ஓவியங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, லண்டன் கெப்பல் தெரு வீட்டில், 1820–21 குளிர்காலத்தில் வரைந்தார். வீடும் மரமும் மனப்பாடம். வண்டிதான் சரியாக வரவில்லை. ஊரில் ஆலைத் தொழிலைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி ஆப்ரமுக்கு எழுதிக் கேட்டார். அறுவடை வண்டி ஒன்றைப் பார்த்து வரைந்து அனுப்பும் வேலை ஜானி டன்தார்ன் என்ற இளைஞன் தலையில் விழுந்தது. பிப்ரவரி மாதம். பையனுக்கு ரொம்பக் குளிர், அவனுடைய அப்பா விடாமல் விரட்டி முடிக்கவைத்தார் என்று ஆப்ரம் கடிதத்தில் எழுதியிருக்கிறார். உங்கள் மூடியில் கொளுத்துகிற அந்த ஜூலை வெயிலுக்குப் பின்னால் கை விறைத்துப்போன ஒரு பையன் இருக்கிறான். எனக்கு இந்தப் படத்தைப் பற்றித் தெரிந்த விஷயங்களிலேயே பிடித்தது இதுதான்.

இது போதாதென்று, இதே அளவில் இன்னொரு முழு ஓவியத்தை ஒத்திகையாக வேறு வரைந்தார். ஆறடி அகலத்துக்கு ஒத்திகை! அது இப்போது சவுத் கென்சிங்டனில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முரட்டுத்தனமாக, அவசரமாக, அள்ளித் தெளித்த மாதிரி இருக்கும். ஓவியம் பிடிக்காதவர்களுக்குக்கூட அது பிடிக்கும் என்று நினைக்கிறேன். முடித்த படத்தை 1886-இல் நேஷனல் கேலரிக்குக் கொடுத்தவரும், ஒத்திகைப் படத்தை விட்டுச் சென்றவரும் ஒரே ஆள், ஹென்றி வான். ஒன்றைப் பார்த்துவிட்டு பிக்கடில்லி லைனில் லெஸ்டர் ஸ்கொயரில் ஏறினால் ஐந்தாவது நிறுத்தத்தில் இறங்கி இன்னொன்றைப் பார்த்துவிடலாம். இரண்டுக்கும் காசு கிடையாது.

இவ்வளவு பாடுபட்டு வரைந்த படம் 1821-இல் லண்டனில் விலைபோகவில்லை. மூன்று வருஷம் கழித்து ஒரு பாரிஸ் வியாபாரி வாங்கிப்போய் 1824 சலோன் கண்காட்சியில் வைத்தார். பிரெஞ்சு ஓவியர்கள் வாயைப் பிளந்தார்கள், மன்னர் பத்தாம் சார்ல்ஸ் தங்கப் பதக்கம் கொடுத்தார். உள்ளூரில் மதிப்பு இல்லாமல் வெளியூரில் பேர் வாங்குவது நமக்குப் புதிய கதை இல்லை, அதனால் இதை இங்கேயே விட்டுவிடுகிறேன்.

‘அந்த ஆட்களைக் கான்ஸ்டபிளே பொட்டு மாதிரித்தானே வரைந்திருக்கிறார், நாங்கள் வெட்டினால் என்ன?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் இந்த மடலை முடிக்க முடியாது.

கான்ஸ்டபிள் ஏழை வீட்டுப் பிள்ளை அல்ல. அப்பா கோல்டிங் கான்ஸ்டபிளிடம் சஃபோக் மாவட்டத்து ஃபிளாட்ஃபோர்டு நீராலை இருந்தது, தானிய வியாபாரம் இருந்தது, ஸ்டூர் ஆற்றில் படகுகள் ஓடின. அந்தப் படத்தை வரைய நிற்க வேண்டிய இடமே அவர்களுடைய ஆலை முற்றம்தான். ஆலை முற்றத்திலிருந்து பார்த்தால் அறுக்கிறவர்கள் தூரத்தில்தான் தெரிவார்கள். இடத்தால் மட்டுமல்ல.

அது எப்படிப்பட்ட காலம்? 1815-இல் நெப்போலியன் போர் முடிந்து சிப்பாய்கள் ஊருக்குத் திரும்பினார்கள். வேலைக்கு ஆள் பெருத்தது, கூலி இறங்கியது. அதே ஆண்டு நாடாளுமன்றம் ஒரு தானியச் சட்டம் போட்டது: உள்நாட்டுக் கோதுமை ஒரு ‘குவார்ட்டர்’ (அந்தக் காலத் தானிய அளவு) 80 ஷில்லிங்கைத் தொடும்வரை வெளிநாட்டுக் கோதுமையை விற்பனைக்கு விடக் கூடாது. நிலம் வைத்திருந்தவருக்கு அது பாதுகாப்பு, ரொட்டி வாங்குகிறவருக்கு வயிற்றில் அடி. குளிர்காலத்தில் கதிரடித்துத்தான் கூலியாட்கள் வயிற்றைக் கழுவினார்கள். அந்த வேலையையும் கதிரடிக்கும் இயந்திரம் பிடுங்கிக்கொண்டது. 1816-இல் கிழக்கு ஆங்கிலியாவில் கலவரம் வெடித்தது. லிட்டில்போர்ட், ஈலி ஊர்களில் நடந்ததற்காக ஐந்து பேரைத் தூக்கில் போட்டார்கள். ‘ஹே வெய்ன்’ கண்காட்சிக்கு வந்த மறு ஆண்டே, 1822-இல், சஃபோக்கிலும் பக்கத்து மாவட்டங்களிலும் இயந்திரங்களை உடைத்தார்கள், வைக்கோல் போருக்குத் தீ வைத்தார்கள். அக்கம்பக்கத்திலோ தூரத்திலோ நெருப்புத் தெரியாத இரவே இல்லை என்று தம்பி சொன்னதைக் கான்ஸ்டபிள் அந்த ஆண்டு ஃபிஷருக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிடுகிறார். எரிந்தது அவர் வரைந்துகொண்டிருந்த அதே ஊர்ப் பக்கம்.

படத்தில் நெருப்பு இல்லை. இருக்காது என்பதில் ஆச்சரியமும் இல்லை. அவர் பழைமையைப் பிடித்துக்கொண்டிருந்தவர், 1832 தேர்தல் சீர்திருத்தத்தைக்கூட விரும்பாதவர். கூலிக்காரர்களின் பக்கம் நின்று அவர் வரைந்தார் என்று சொன்னால் அது பொய். அவர்களைப் பார்த்துப் பயந்த வர்க்கத்தின் பிள்ளை அவர்.

ஆனாலும் அவர் ஒன்றைச் செய்யவில்லை. அவர்களை விட்டுவிடவில்லை. அந்தப் புல்வெளியைக் காலியாக வரைந்திருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். முன்னால் கரையில் நாய்க்குப் பக்கத்தில் குதிரையும் அதன்மேல் ஆளுமாக வைத்தார், பிடிக்கவில்லை, மூடினார். அந்த இடத்தில் ஒரு பீப்பாயை வைத்தார், அதையும் மூடினார். வேண்டாததை எடுத்துவிடத் தெரிந்த ஆள். அதே ஆள் அந்த வெள்ளைச் சட்டைகளை மட்டும் எடுக்கவில்லை. எடுத்தால் வண்டிக்குப் போக இடமில்லை என்று ஆலைக்காரர் வீட்டுப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கும். புல் தானாக வண்டியில் ஏறாது.

அவர் அவர்களைத் தூரத்தில் நிறுத்தினார். நீங்கள் வெளியே தள்ளிவிட்டீர்கள். இரண்டும் ஒன்றல்ல என்பதுதான் என் வழக்கு.

உங்கள் டப்பாக்களால் இன்னொன்றும் நடந்திருக்கிறது. இந்தப் படம் என்றாலே அசையாத, பத்திரமான, பழைய இங்கிலாந்து என்று எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டது. அதனால் யாருக்காவது அதிர்ச்சி கொடுக்க வேண்டுமென்றால் நேரே இதனிடம்தான் வருகிறார்கள். 1980-இல் பிரிட்டனில் அமெரிக்க அணு ஏவுகணைகளைக் கொண்டுவந்து வைக்கப்போகிறார்கள் என்றபோது, பீட்டர் கென்னர்ட் இந்த வண்டியில் ஏவுகணைகளை ஏற்றி ஓர் ஒட்டுப் படம் செய்தார். 2022 ஜூலையில் எண்ணெய்க்கு எதிராகப் போராடும் இளைஞர்கள் இரண்டு பேர், ஆறு தார்ச்சாலையாகி வானத்தில் விமானம் பறக்கிற மாதிரி மாற்றிய அச்சுத் தாள்களை அசல் படத்தின் மேலேயே ஒட்டிவிட்டு, படத்தின் மரச் சட்டத்தில் தங்கள் கைகளையும் ஒட்டிக்கொண்டார்கள். சட்டத்திலும் வார்னிஷிலும் சிறு சேதம், சரிசெய்துவிட்டார்கள். நான் அதை ஆதரிக்கவில்லை, பசை விஷயத்தில் நான் பழமைவாதி. ஆனால் கென்னர்டின் படத்தில் ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது: அந்த வண்டி எதையாவது ஏற்றத்தானே போகிறது என்பதை அவர் மறக்கவில்லை.

டப்பா விவகாரத்துக்கு அப்புறம் எனக்கு மனசு ஆறவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் ரயில் ஏறி மானிங்ட்ரீ போய் இறங்கினேன். ஒரு மணி நேரப் பயணம். அங்கிருந்து ஸ்டூர் ஆற்றோரமாக வயல்வெளியில் நடந்தால் ஃபிளாட்ஃபோர்டு. வில்லி லாட்டின் வீடு அப்படியே இருக்கிறது, பழைய இடங்களைக் காக்கிற நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு பராமரிக்கிறது. அந்த வில்லி லாட் 88 வயது வரை வாழ்ந்த விவசாயி. வாழ்நாள் முழுக்க அந்த வீட்டை விட்டு நாலு நாளுக்கு மேல் வெளியே தங்கியதில்லை என்று ஊரில் ஒரு கதை உண்டு. போனில் சொன்னேன், அப்பா சிரித்தார். “அப்ப அவன் நம்ம ஆளு.” எட்டு மணி நேரம் ஒரே இருக்கையில் உட்கார்ந்து தஞ்சாவூரிலிருந்து சென்னை போவதற்கே மூக்கால் அழுகிற மனிதர், லண்டனுக்கு வந்ததே பெரிய விஷயம்.

வண்டி நின்ற இடத்தில் நின்று பார்த்தேன். தண்ணீர் கலங்கலாக இருந்தது, இரண்டு வாத்துகள். வீடு படத்தில் இருக்கிற மாதிரியே இருந்தது, சொல்லப்போனால் படத்தைவிடச் சுத்தமாக. வலது பக்கம் திரும்பினேன். மரங்கள் வளர்ந்து புல்வெளியை மறைத்துவிட்டன. நான் நின்ற இடத்திலிருந்து அறுக்கிறவர்கள் நின்ற வெளி தெரியவில்லை. சுற்றிலும் பத்துப் பேர் வீட்டைத்தான் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள், சிலர் சதுரமாக.

ஆக, அந்த ஆட்கள் இப்போது ஃபிளாட்ஃபோர்டில் இல்லை, உங்கள் மூடியிலும் இல்லை. டிரஃபால்கர் சதுக்கத்தில் ஒரு சுவரில் மட்டும் இருக்கிறார்கள், அதுவும் யாராவது விரலை நீட்டிக் காட்டினால்தான் தெரிகிறார்கள்.

என் வேண்டுகோள் இதுதான். படத்தை முழுசாகப் போடுங்கள். நீள்சதுர டப்பா செய்ய என்ன கூடுதல் செலவு ஆகிவிடும்? ஏற்கெனவே நீள்சதுரத்தில் சாக்லேட் டப்பா செய்கிறவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். சதுரம்தான் வேண்டுமென்றால் மேலேயும் கீழேயும் கொஞ்சம் வெறும் இடம் விடுங்கள், பச்சையோ பழுப்போ பூசிக்கொள்ளுங்கள். அதுவும் முடியாது, வட்ட டப்பாதான் என்கிறீர்களா? அப்படியானால் பக்கச் சுவரில் ரோஜாப் பூவை எடுத்துவிட்டு அந்த வலது மூலையைப் பெரிதாக்கிப் போடுங்கள். பெரிதாக்கினால் கொஞ்சம் கலங்கலாகத்தான் வரும். ஒரு தூரிகைத் தொடுதலைப் பெரிதாக்கினால் ஒரு தூரிகைத் தொடுதல்தான் தெரியும், முகம் தெரியாது. பரவாயில்லை. ஆள் என்று தெரிந்தால் போதும்.

புதிர்ப் படம் செய்கிறவர்களுக்குத் தனியாக: நீங்கள் பெரும்பாலும் முழுசாகத்தான் போடுகிறீர்கள், நன்றி. ஆனால் அட்டைப் பெட்டியின் மேல் ஒரு குழந்தை தேடிப் பார்க்கிற மாதிரி ‘அரிவாள் தீட்டுகிறவர் எங்கே?’ என்று ஒரு வரி போட்டால் நன்றாக இருக்கும். என் மகளை அப்படித்தான் உட்கார வைத்தேன், முக்கால் மணி நேரம் சத்தம் இல்லை.

உங்கள் டப்பா இப்போது எங்கள் வீட்டுத் திண்ணை மாடத்தில் இருக்கிறது. அப்பா அதில் உரக்கடை ரசீதுகளையும் கூட்டுறவு வங்கிப் பாஸ்புக்கையும் வைத்திருக்கிறார். போன வாரம் பேசும்போது, முழுப் படம் போட்ட டப்பா கிடைத்தால் அடுத்த தடவை ஒன்று வாங்கி வரச் சொன்னார். பிஸ்கட் வேண்டாமாம், சர்க்கரை இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் ஒருத்தி,
ஈஸ்ட் ஹாம், லண்டன்.